காணாமல் போன டமால்

"அந்த டமால் எங்கேப்பா?"

ரிமோட்டை ஓங்கிப் பிடித்தபடி சக்கரபாணி கேட்டதும் கார்முகில் டிவியிலிருந்து திரும்பினான்.

"எந்த டமால், மாமா?"

"சார்னு கூப்புடு. மாமாவெல்லாம் பரீட்சை பாஸ் ஆன பொறவு."

கார்முகில் வடலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். சக்கரபாணி நெய்வேலி மைன்ஸில் ஃபோர்மேன். ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள்கூட வீட்டில் தங்காத மனிதர். அவர் மகள் தமிழ்நிலாவும் கார்முகிலும் விரும்புகிற சங்கதி வெளியே வந்த நாளிலிருந்து, 'பர்மனென்ட் வேலை இல்லாதவனுக்குப் பொண்ணு இல்ல' என்பதே அவருடைய ஒரே பாட்டு. மனைவி கண்ணகி கரைப்பார் கரைத்ததில், கடைசியில் ஒரு பரீட்சை வைக்கச் சம்மதித்தார். அந்தக் காலத்தில் இளவட்டக்கல்லைத் தூக்கினவனுக்குப் பெண். சக்கரபாணி வீட்டில் ப்ளூ-ரே.

சிங்கப்பூரிலிருக்கும் மகன் ஒவ்வொரு லீவுக்கும் வாங்கி வந்த ப்ளூ-ரே டிஸ்க்குகள், கீறல் விழுந்து வீணாவதற்குள் ஹார்ட் டிஸ்க்கில் ஏற வேண்டும். படம்கூட முன்னே பின்னே இருக்கலாம். சத்தம் ஒரு பொட்டுக் குறையக் கூடாது. குறைந்தால் பெண் கிடையாது.

"மலை வெடிக்கிற சீன்ல வருமே, அந்த டமால்! அன்னிக்கி டிஸ்க்கப் போட்டுப் பாத்தப்ப ஜன்னல் கண்ணாடி கடகடன்னு ஆடிச்சி. சோபா என்னத் தூக்கிப் போட்டுச்சி. சமையல்கட்டுல சாத்தி வெச்சிருந்த தாம்பாளம் உருண்டுக்கினு வந்து நடுஹால்ல வுழுந்துச்சி. என் ஆயுசுல அப்பிடி ஒரு சத்தம் கேட்டதில்லப்பா! உன் ஃபைல்ல என்ன வருது? எலி தும்முன மாதிரி!"

"சார், நான் எதையும் சுருக்கல. டிஸ்க்குல இருந்த எச்டி ஆடியோவ அப்பிடியே எடுத்திருக்கேன். இந்த ஒரு படமே முப்பது ஜிபிக்கு மேல சார்."

"ஜிபிய வெச்சி நான் என்ன பண்றது? எனக்கு டமால் வேணும்."

இதே வழக்கு போன ஞாயிறும் நடந்தது. கார்முகில் வேறொரு சாஃப்ட்வேரில் மறுபடியும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். சப்வூஃபர் ஸ்பீக்கரை மூலைக்கு நகர்த்தினான். வால்யூமை ஏற்றினான். திரையில் மலை வெடித்தது. ஜன்னலில் படுத்திருந்த பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

"இன்னிக்கி ஒரிஜினல் டிஸ்க்கையும் கையோட எடுத்தாந்திருக்கேன் சார். அதையே போட்டுப் பாத்துருவோம்."

போட்டார்கள். மலை வெடித்தது. அதே எலி, அதே தும்மல்.

வாசற்படியில் நின்ற தமிழ்நிலாவின் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அது முழுசாக வருவதற்குள் சக்கரபாணி துள்ளி எழுந்தார்.

"அடப்பாவி! டிஸ்க்குல இருந்த சத்தத்தயும் உருவிட்டியா?"

"காப்பி எடுத்தா ஒரிஜினல்ல கொறையாது சார்!"

"முருங்கக்காய பறிச்ச பொறவு மரத்துல எப்பிடிய்யா இருக்கும்?"

கார்முகிலுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஏதாவது செய்யேன் என்று தமிழ்நிலா கண்ணாலேயே கெஞ்சினாள். செய்ய ஒரு வழி இருக்கத்தான் செய்தது.

"சார், நீங்க சொல்ற டமால நானே செஞ்சி அந்த எடத்துல சேத்துக் குடுக்க முடியும். ஜன்னலும் ஆடும். ஆனா அது படத்துல இல்லாத சத்தம். அத ஒரிஜினல்னு சொல்லி உங்கள ஏமாத்தி நிலாவக் கட்டிக்கினா, காலத்துக்கும் எனக்கு உறுத்தும். என்னால முடியாது சார்."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

கார்முகில் டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டான். பரீட்சையில் கோட்டை விட்டாயிற்று. பையைத் தோளில் மாட்டினான். அந்த நேரம் பார்த்துக் கண்ணகி வடைத்தட்டோடு வந்தாள்.

"ஏங்க, அந்த டமால நீங்க என்னிக்கிக் கேட்டீங்க?"

"பல்லு புடுங்கிக்கினு லீவுல கெடந்தனே, அன்னிக்கி மத்தியானம்."

"சாப்பாட்டு வேளை முடிஞ்சி, நான் ஏனம் கழுவிக்கினு இருந்தனே, அப்பவா?"

"அதே நேரந்தான்! நீயே சாட்சி சொல்லு. தாம்பாளம் உருண்டுச்சா இல்லியா?"

கண்ணகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தட்டிலிருந்த வடைகள் குலுங்கின.

"தாம்பாளம் ஞாயிறு தவுர தெனமும் அந்நேரத்துக்கு உருளுதுங்க. எடுத்து எடுத்து நிமுத்தி வெக்கிறதே எனக்கு ஒரு வேலை."

சக்கரபாணி ஜன்னலைப் பார்த்தார். சமையல்கட்டைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தார். காது மடல் வரைக்கும் சிவந்து போனது. ரிமோட்டை மெதுவாகக் கார்முகிலின் கையில் வைத்தார்.

"கண்ணகி, அந்தத் தாம்பாளத்தப் புளி போட்டு வெளக்கி வையி. தட்டு மாத்திக்கணுமில்ல."

கார்முகிலுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், டமால் இன்னும் கெடைக்கலியே..."

"மாமான்னு கூப்புடு!" என்று உறுமிவிட்டு, சக்கரபாணி சட்டையைக்கூடப் போடாமல் தோட்டத்துப் பக்கம் நழுவினார்.

கண்ணகி கண்ணைத் துடைத்துக்கொண்டு கார்முகிலிடம் வடையை நீட்டினாள்.

"அது படத்துல எங்க தம்பி கெடைக்கும்? அன்னிக்கி இவரு லீவுன்னு, கூட வேல செய்யிற பெனடிக்ட் வெடி வெச்சாரு. மத்த நாளெல்லாம் மைன்ஸ்ல பாறைக்கு வெடி வெச்சி, கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ஜன்னல ஆட்டிக்கினு இருக்கிறதே உங்க மாமாதான்!"