நாலாவது நாற்காலி

"ஆடு திருடுறவன் வெளியிலேருந்து வரல, மாஸ்டர். நம்ம தொழுவத்துக்குள்ளேயே இருக்கான்" என்றார் போதகர், காலை ஆராதனை முடிந்து நாற்காலிகளை ஓரம் தள்ளிக்கொண்டே.

ஒரு சபையின் ஆட்களை நைசாகப் பேசி இன்னொரு சபைக்கு இழுத்துக்கொண்டு போவதற்கு அவர்கள் வட்டாரத்தில் அதுதான் பெயர். மாஸ்டர் வாரநாட்களில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபர் வகுப்பு அவர் பொறுப்பு. பிள்ளைகளுக்கு எந்த நாளும் அவர் மாஸ்டர்தான்.

"நம்ம பிள்ளைங்களாய்யா?" மாஸ்டர் தூக்கிய நாற்காலியை அப்படியே கீழே வைத்தார்.

"மூணு பேரைப் பார்த்ததா சொல்றாங்க. சோபா கடைக்கு மேல இருக்கே, அந்தப் புதுச் சபை. ஏசி, கலர் விளக்கு, டிரம்ஸ்னு அமர்க்களப்படுதாம். பிள்ளைங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். கூட்டிட்டுப் போற ஆள் யாருன்னு தெரியணும். உங்களை விட்டா நான் யாரை நம்புறது?"

"கண்டுபிடிச்சுச் சொல்றேன்யா."

அன்றைக்கு வாலிபர் வகுப்புக்கு மாஸ்டர் வேறு பாடம் தயார் செய்து வைத்திருந்தார். அதை மூடிவைத்துவிட்டு, ஒருவருக்கு ஒருவர் உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசினார். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஆண்டவரையே முத்தம் கொடுத்துக் காட்டிக்கொடுத்த சீடனைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே, பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் கவனிப்பது போல முகம் முகமாகப் பார்த்தார்.

மற்றவர்கள் வழக்கம்போலக் கொட்டாவி விட்டார்கள். மூன்று பேர் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. கித்தார் வாசிக்கிறவன் 'கித்தார்'. நர்சிங் படிக்கிறவள் 'ஊசி'. வீட்டு வாசலில் குனிந்து நுழைகிறவன் 'ஒட்டடைக்குச்சி'. பெயர் வைத்ததெல்லாம் மாஸ்டர்தான்.

ஊசி கையைத் தூக்கினாள். "மாஸ்டர், ஒருத்தர் இந்தச் சபையை விட்டு வேற சபைக்குப் போனா அது துரோகமா?"

மாஸ்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். "யார் போறாங்க?"

"சும்மா கேட்டேன்."

"போறது தப்புன்னு சொல்ல மாட்டேன். சொல்லாமப் போறதுதான் தப்பு. கூட உக்காந்து ஜெபம் பண்ணினவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போகணும்."

"சொல்றதுக்குத் தைரியம் வரலைன்னா?" என்றான் ஒட்டடைக்குச்சி.

"அவங்களா சொல்ற வரைக்கும் நாம பொறுத்துக்கணும். இல்லையா மாஸ்டர்?" என்றான் கித்தார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசி வைத்துக்கொண்டு வந்து கேட்கிறதுகள் என்று மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஊசியின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தவர் அவர். பரீட்சையில் தோற்று வீட்டை விட்டு ஓடிய கித்தாரைத் தேடிப்பிடித்துக் கூட்டி வந்தவர் அவர். ஒட்டடைக்குச்சிக்குத் தலைகீழாக நின்று லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். இதுகளா இப்படி என்று மனசு ஆறவில்லை.

சாயங்காலம் மூவரும் பஸ் ஏறினார்கள். மாஸ்டர் பின்னாலேயே காரில் போனார். தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகையும் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்துமாக ஒரு காரை வைத்துக்கொண்டு துப்பறிவது லேசான காரியமில்லை. ஒரு ஸ்கூட்டர்க்காரர், "பயப்படாம ஓட்டுங்க சார், பழகிடும்" என்று வழிவிட்டுவிட்டுப் போனார்.

சோபா கடையைத் தாண்டிச் சந்துக்குள் வண்டியை நிறுத்தினார். வாசல் படிக்கட்டில் மூன்று தலைகளும் மேலே போவது தெரிந்தது. அவர் பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறினார். கதவருகே நின்றவன் முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ சொல்ல வந்தான். மாஸ்டர் அவனைக் கையமர்த்திவிட்டுத் தூண் மறைவில் ஒதுங்கினார்.

கடைசி வரிசையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது நாற்காலியில் கித்தார் பெட்டியை வைத்து யாருக்கோ இடம் பிடித்திருந்தார்கள். வேறு ஒருவர் உட்கார வந்தபோது, "ஆள் வருது" என்று ஊசி கை நீட்டித் தடுத்தாள்.

வரட்டும், இன்றைக்கு அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மாஸ்டர் காத்திருந்தார். டிரம்ஸ் முழங்கி ஓய்ந்தது. ஒருவரும் வரவில்லை. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் நேரே போய் அவர்கள் முன்னால் நின்றார்.

"யாருக்கு இந்த இடம்?"

மூவரும் எழுந்தார்கள். பயந்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"ஐயா மனசு உடைஞ்சு போயிருக்கார். உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இங்க கூட்டிட்டு வந்த ஆள் யாரு? அதை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்."

கித்தார் குனிந்து பெட்டியை எடுத்துக் கீழே வைத்தான்.

"உக்காருங்க மாஸ்டர்" என்றாள் ஊசி. "அடுத்த மாசத்திலேருந்து இங்க வாலிபர் தலைவரா வர நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு, என் கூடப் படிக்கிற பொண்ணு சொன்னா. அவ இந்தச் சபைதான். புது இடத்துல நீங்க தனியா நிக்கக் கூடாதேன்னு நாங்க முன்னாடியே வந்து பழகிக்கிறோம். ஐயாகிட்ட இதுவரைக்கும் நாங்க மூச்சு விடலை, மாஸ்டர்."