அஞ்சு வருஷம் கழிச்சு

நாளைக்கு அம்பத்தூரில் இன்டர்வியூ. கள்ளிக்குப்பம் ஃபிளாட்டில், சாப்பாட்டு மேசைக்கு எதிரெதிரே அப்பாவும் மகளும் ஒத்திகைக்கு உட்கார்ந்தார்கள். கனிமொழி வேலப்பன்சாவடிக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். ராஜசேகரன் ஐ.டி.யில் பழம் தின்று கொட்டை போட்டவர். எத்தனையோ ஃப்ரெஷர்களைக் கேள்வி கேட்டு வேலைக்கு எடுத்தவர்.

ஒத்திகைதான் என்றாலும், நிஜம் மாதிரியே ‘வாங்க, போங்க’ என்று பேசுவதாக ஏற்பாடு.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

பேர், ஊர் வரை வந்த பதில் அங்கேயே நின்றுவிட்டது.

“கையப் பிசையாதீங்க. என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. உங்க வீக்னெஸ் என்ன?”

“எடுத்த வேலையை முடிக்காம எழுந்திருக்க மாட்டேன்.”

“எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க. சரி, ஏ.ஐ. தெரியுமா?”

“ஆன்லைன் கோர்ஸ்ல சேர்ந்திருக்கேன்.”

“நாளைக்கும் இப்படித் திணறினா அவ்வளவுதான்,” என்று சமையலறையிலிருந்து அம்மா சித்ரா குரல் கொடுத்தாள். இருவரும் திரும்பவில்லை.

“அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?”

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சட்டென்று வந்தது.

“டீம் லீடா இருப்பேன்.”

இன்டர்வியூவுக்குத் தயாராகக் கல்லூரியில் கொடுத்த கேள்வித்தாளைக் கனிமொழி கவிழ்த்து வைத்தாள்.

“அப்பா, போன மாசம் வேலை போற வரைக்கும் நீங்க டீம் லீடாத்தானே இருந்தீங்க? வேற ஏதாவது சொல்லுங்க.”

ராஜசேகரன் யோசித்துப் பார்த்தார்.

“கேம்பஸ் இன்டர்வியூல கேட்டா நீ என்ன சொல்லுவே?”

“டீம் லீடுன்னுதான்ப்பா.”