சந்தில் மட்டும் வரும் இருமல்

தெருவே மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டது. தையலம்மா மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"ஏம்மா, உங்க வீட்டுச் சுவர்தானே பாசி பிடிச்சுக் கிடக்கு? நீங்கதானே மொதல்ல போடணும்?" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலாளர்.

"எனக்குப் பழகிடுச்சு."

நகராட்சிக் குறைதீர்ப்புக் கூட்டம். மின்விசிறிக்கு அடியில் இன்ஜினியரம்மா. எதிரே தெரு.

விஷயம் இதுதான். சந்தின் கோடியில் ஒரு லாண்டரி. அதன் ஆவிக் குழாய் சந்துக்குள் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. காலையில் பாய்லரைத் திறந்தால் சந்து முழுக்க வெள்ளை. குழாயை மொட்டைமாடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஏற்றுவதானால் தையலம்மா வீட்டுச் சுவரில்தான் இரும்புப் பிடி அடிக்க வேண்டும். அந்தம்மா தலையாட்டினால் ஒரு நாள் வேலை.

"காயப்போட்ட துணி நனைஞ்சு போகுது மேடம்," என்றாள் ஒரு மாடிவீட்டுக்காரி.

"ஆளுன்னு நினைச்சு விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் சொல்லிட்டேன்," என்றார் பல் டாக்டர். "பதில் சொல்லலைன்னு கோவம் வேற வந்துடுச்சு."

"லாண்டரிக்காரன் இந்தம்மாவுக்குச் சும்மா துவைச்சுத் தர்றான் போல." இது பின்வரிசை. சிரிப்பு.

தையலம்மா நிமிரவில்லை.

செயலாளர் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். "மேடம், இவர் எங்கப்பா. இவருக்காகத்தான் கேக்கறேன். வாக்கிங் போறப்ப சந்துக்குள்ள நுழைஞ்சாலே இருமல். அம்மா போனதுலேர்ந்து பேச்சு நின்னு போச்சு. வீட்ல ஒரு வார்த்தை கிடையாது. இப்ப மூச்சும் நின்னுடுமோன்னு பயமா இருக்கு."

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் இன்ஜினியர்.

பெரியவர் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார்.

"சொன்னேன்ல?" செயலாளர் தையலம்மா பக்கம் திரும்பினார். "வயசானவர் உயிரோட விளையாடாதீங்க. நீங்க ஒத்துக்கலைன்னா இந்தத் தெருவுலேர்ந்து ஒரு கிழிசல்கூட உங்க மெஷினுக்கு வராது. அப்புறம் சோத்துக்கு என்ன பண்ணுவீங்களோ, பண்ணிக்குங்க."

"வராட்டிப் போகுது."

என்ன திமிர், என்றது தெரு.

இன்ஜினியர் ஃபைலை மூடினார். "நாளைக் காலைல நேர்ல வந்து பாக்கறேன்."

மறுநாள் வந்தார். செயலாளரும் கூட வந்தார்.

முதலில் சோப்பு வாசனை வந்தது. பிறகு வெதுவெதுவென்று ஒரு மூச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்து கரைந்தது. கதவுகள் போயின. படிகள் போயின. அணைக்க மறந்த தெருவிளக்கு நிலா மாதிரி தொங்கியது. ஒரு பூனை வந்தது. வாலை எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தது. சைக்கிள் மணி ஒன்று சைக்கிள் இல்லாமல் போயிற்று.

இன்ஜினியர் கையை நீட்டிப் பார்த்தார். வேறு யாருடைய கையோ போல இருந்தது. எழுந்த பிறகும் கனவு கொஞ்சம் மிச்சமிருக்குமே, அந்த மாதிரி.

"லொக். லொக்."

"கேட்டீங்களா? அப்பாதான்," என்றது செயலாளரின் குரல்.

"வீட்ல இருமுவாரா?"

"வீட்லயா? கிடையவே கிடையாது. இங்க வந்தாத்தான். மேடம், என் கண்ணாடி மங்கிப் போச்சு. நான் தெருமுனைல நிக்கறேன்."

இன்ஜினியர் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். நின்று தட்டினார். பாசியெல்லாம் மேலோடு சரி. உள்ளே பாறை மாதிரி இருந்தது. பத்துக் குழாய் தாங்கும்.

மறுபடி, "லொக். லொக்."

பக்கத்திலேயே ஒரு ஜன்னல் தாழ்ப்பாள் விலகியது. டம்ளரில் ஸ்பூன் சுற்றும் சத்தம்.

"டீ சுடுது. பாத்துக் குடிங்க." தையலம்மாவின் குரல். "நேத்து எங்க விட்டீங்க?"

"பாலத்துல." யார் குரல் இது? பெரியவருடையதுதான். "கல்யாணமான புதுசு. மாமனாரோட குடை மழைக் காத்துல பறந்து ஆத்துல விழுந்துடுச்சு. குடை போகுது, பின்னாடியே மாமனார் போறார். இவ கரையில நின்னுகிட்டு, குடையைப் பிடிங்க, அப்பா தானா வந்துடுவார்ங்கறா..."

ஜன்னல் சிரித்தது. அவரும் சிரித்தார். பேச்சு நின்றுபோன மனிதர் நிறுத்தவே இல்லை. குடை கரை சேர்ந்தது. மாமனார் சேர்ந்தார். போய்ச் சேர்ந்த மனைவி ஈரப் புடவையோடு அந்த வெள்ளைக்குள் எங்கோ நின்றுகொண்டிருந்தாள்.

டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்.

"குழாயை மேல ஏத்திட்டா இந்த மறைவு போயிடும், ஜன்னலைத் திறக்க முடியாதுங்க," என்றாள் தையலம்மா. "நானும் தனிக்கட்டை, நீங்களும் தனிக்கட்டை. தெருவுக்கு வாய் நீளம்."

பெரியவரின் செருப்பு தரையில் உரசியது.

"அப்ப நான் யார்கிட்டம்மா பேசறது?"

இன்ஜினியர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வந்த வழியே திரும்பினார்.

தெருமுனையில் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மேடம்?"

"எங்க பாக்கறது? ஒண்ணும் தெரியல."

"எப்ப ஏத்தறீங்க?"

"முடியாது சார். அந்தம்மா ஒத்துக்கிட்டாலும் முடியாது. சுவர் தாங்காது. அவங்க மேல தப்பில்லைன்னு தெருவுல சொல்லிடுங்க."

"அப்ப அப்பாவோட இருமல்? அது எப்பதான் நிக்கும்?"

இன்ஜினியர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அது நிக்காம பாத்துக்குங்க சார்."