முதல் விமர்சனம்

"இந்தக் குப்பைக்கு என்னோட ரெண்டரை மணி நேரம் போச்சுங்க. உங்களுதாச்சும் மிஞ்சட்டும்!"

கிளமென்ட் செல்போன் கேமராவைப் பார்த்துக் கைகூப்பினான். மடியில் பாப்கார்ன் வாளி. அதன் அடியில் ஒட்டியிருந்த பொரியில் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அவன் மனைவி கிளாடிஸ் காரின் முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து படம் பிடித்தாள். பின்கண்ணாடியில் தியேட்டரும் பேனரும் தெரியும்படி வண்டியை நிறுத்துவது அவன் வழக்கம்.

"தொண்ணூறுகள்ல காந்திபுரத்துல ஒரு வீடியோ கேம் கடை. மெஷினுக்குள்ள இருந்து வேற்றுக்கிரகத்துக்காரன் இறங்கறான். சட்டைப்பையில ஒத்த ரூவா வெச்சிருக்கற நாலு பசங்க உலகத்தக் காப்பாத்தறாங்க. இது காமெடியாமுங்க! பழசக் கிளறிவிட்டா நாமெல்லாம் அழுதுபோட்டுக் கைதட்டுவோம்னு டைரக்டர் நெனச்சுப்போட்டாரு. பல்லடத்துல கோழிப்பண்ணை வெச்சிருந்தவராமா. அதையே பாத்திருக்கலாமுங்க."

"ஏங்க, க்ளைமாக்ஸ் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே?" என்றாள் கிளாடிஸ்.

"ரெண்டாம் பாதி இழுவைன்னு சொன்னாப் போதும். எவன் கேக்கறான்?"

அவனுக்கு அவசரம். மூன்று மாதமாக யூடியூபில் அனீஸ் என்றொருவன் ஒவ்வொரு படத்துக்கும் விமர்சனத்தை முந்திப் போட்டுக்கொண்டிருந்தான். கிளமென்ட்டின் கூட்டத்தில் பாதி அந்தப் பக்கம் சாய்ந்தாயிற்று. மிக்ஸி கம்பெனிக்காரர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: இந்தப் படத்துக்கு யார் முதலோ, அவருக்குத்தான் விளம்பரம்.

அப்போது தியேட்டர் வாசலில் கூச்சல் கிளம்பியது. "காசத் திருப்பிக் குடு! காசத் திருப்பிக் குடு!" இரும்புக் கதவைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள்.

கிளமென்ட்டின் முகம் மலர்ந்தது. "கிளாடிஸ், அந்தப் பக்கம் திருப்பு, திருப்பு! கேட்டீங்களாங்க? நான் சொல்லலீங்க, ஜனமே சொல்லுது!"

வீடியோவை ஏற்றிவிட்டு, அனீஸின் சேனலைத் திறந்து பார்த்தான். காலி. அவன் மட்டுமல்ல, சென்னைக்காரர்கள்கூட இன்னும் எதையும் போட்டிருக்கவில்லை.

"ஒரு பயலும் போடல! தமிழ்நாட்டுலயே நாமதான் மொதல்ல!" தொடையில் ஓங்கித் தட்டினான்.

பார்வைகள் ஆயிரம் ஆயிரமாக ஏறின. கீழே கமென்ட்டில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன.

"பாத்தியா, படத்த நெனச்சு எப்பிடிச் சிரிக்கறானுங்க!"

யாரோ கார்க் கண்ணாடியைத் தட்டினார்கள். கசங்கிய சட்டை, தூங்காத கண்கள். படத்தின் டைரக்டர் யஷ்வந்த். அவன் கையிலிருந்த போனில் கிளமென்ட்டின் முகமே பேசிக்கொண்டிருந்தது.

"கெஞ்ச வந்திருக்கான்" என்று முணுமுணுத்த கிளமென்ட், கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கினான். "வீடியோவ எடுக்கச் சொல்லாதீங்க தம்பி. எனக்குன்னு ஒரு நேர்மை இருக்குதுங்க. பாத்ததப் பாத்தபடிதான் சொல்லுவேன்."

"ஐயோ, எடுத்துப்போடாதீங்ணா. அது அப்படியே இருக்கட்டும்."

யஷ்வந்தின் குரலில் கோபமே இல்லை. வாசலில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து, வெகு மரியாதையாகச் சொன்னான்:

"பைனான்ஸ் தகராறு இன்னும் முடியலீங்ணா. எந்த ஊர்லயும் இன்னும் படமே போடலீங்க."