கண் அடமானம்

தவணை ஒருநாள் தள்ளிப்போனதற்காக, அடமானத்திலிருந்த செயற்கைக் கண்களை வங்கி ஆஃப் செய்தபோது, பூங்கோதையின் கணவன் சந்தனராசு பைக் ஓட்டிக்கொண்டிருந்தான். உயிர் மிஞ்சியது, கண்கள் பூட்டியே கிடந்தன. "ரூல்னா ரூல்தாம்மா" என்றார் மேலாளர் நீலமேகம்.

பிறகு அதே கிளையில், அடமானப் பதிவுப் பிரிவில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். அவருக்கு அவள் முகம் நினைவில்லை.

ஊரார் கண்கள் மீதான வங்கியின் உரிமையை, இன்று அரசுப் பதிவகம் மூடுவதற்குள் புதுப்பிக்காவிட்டால் எல்லாம் ரத்து. அதற்கு மேலாளர் கைரேகை வேண்டும். செவ்வாய்க்கிழமை, மூன்று மணி தாண்டும்வரை காத்திருந்துதான் அவள் கருவியை நீட்டினாள்.

"ராகு காலத்துல கொண்டு வர்றியே. நாலரைக்கு மேல வா. பதிவகம் அஞ்சு வரைக்கும் இருக்கும்."

இந்த மாதம் முதல் நாலு மணிக்கே மூடுகிறார்கள். அந்தச் சுற்றறிக்கை அவள் மேசைக்குத்தான் வந்திருந்தது.

"சரிங்க சார்."

நாலரைக்கு ரேகை வைத்தார். பதிவகம் ஏற்கவில்லை.

"அரை மணி நேரம்தானேம்மா, பேசிப் பாரேன்" என்றார், வியர்த்துப்போய்.

"ரூல்னா ரூல்தான் சார்."

அடமானம் ரத்தானதில் பூட்டிய கண்களெல்லாம் திறந்திருந்தன. கீழே டீக்கடையில் அவளுக்காகக் காத்திருந்த சந்தனராசு, கைத்தடியை ஊன்றாமல் இறுகப் பிடித்தபடி மாடியேறி வந்தான்.

"இதுல யாரு அந்த ஆளு?"

பூங்கோதை கையை நீட்டிக் காட்டினாள்.