பாட்டுக்குள் ஒரு பெயர்

"பப்பா கியாலா, குன்றுக்குத் தண்ணி கொண்டு வரப் போறீங்களாமே. எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பீர்க்கடை மம்மா லாந்து இப்படிக் கேட்டபோது, கியாலா தன் எலுமிச்சை நிறக் கோட்டின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கின்ஷாசாவில் ஒரு தண்ணீர் அலுவலகத்தில் அவர் எஞ்சினியர். அவர் குடியிருந்த குன்றில் குழாய் இருந்தது; குழாயில் காற்று இருந்தது. பெண்கள் விடியலில் கேன்களோடு கீழே இறங்கி, வெயிலில் தலைச்சுமையோடு ஏறினார்கள். அதே பாதையில் கியாலா ஷூ அழுக்காகாமல் இறங்கி ஆபீஸ் போனார். யாருக்கும் அவர் கெடுதல் செய்ததில்லை. வேறு எதுவும் செய்ததில்லை என்பதும் உண்மைதான்.

"யாரு சொன்னது?"

"மகாசியே சொல்றாரு. கேளுங்க."

அவள் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள். பாடகர் மகாசியின் புதுப் பாட்டு. கிடார்கள் வேகமெடுத்து, ஆட்டம் சூடாகும் இடத்தில் அவர் வழக்கம்போல் பெயர்களைக் கூவினார். ஒரு மந்திரி, ஒரு வைர வியாபாரி, பிறகு: "எஞ்சினியர் கியாலா, குன்றுக்குத் தண்ணீர் தரும் மகராசன்!"

காசு வாங்காமல் மகாசி யார் பெயரையும் கூவமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். கடவுளுக்கு மட்டும் ஆல்பத்துக்கு ஒருமுறை இலவசம். கியாலா ஒரு பிராங்க்கூடக் கொடுக்கவில்லை. ஆகவே, தன் அருமையை மகாசி தானாகவே கண்டுகொண்டார் என்ற முடிவுக்கு வந்தார். அதற்கு அவருக்கு ஒரு பீர் போதுமானதாக இருந்தது.

வீட்டில் மனைவி லுசோலோ மரவள்ளிக் கீரையை இடித்துக்கொண்டே அவர் சொன்னது முழுவதையும் கேட்டாள்.

"மகாசி சொன்னா சும்மாவா இருக்கும்?" என்றாள்.

பெண்கள் சீட்டில் அவள் முறை வந்து பணம் எடுத்திருந்தாள். அதில் புதுத் துணி வாங்குவதாகச் சொன்னவள், இன்னும் பழையதையே சுற்றியிருந்தாள். கேட்டதற்கு, நல்ல டிசைன் வரவில்லையாம். உடை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று கியாலாவும் ஆமோதித்தார்.

பிறகுதான் வந்தது வினை. பார்களில், டாக்சிகளில், முடிதிருத்தும் கடையில் எல்லாம் அந்த வரியே. வாசலில் காலி கேன்கள் வரிசை கட்டின.

"அவசரமில்ல பப்பா," என்றார்கள் பெண்கள். "தண்ணி வர்றப்போ வரட்டும்."

வேறு வழியாக ஆபீஸ் போனார். அங்கேயும் பாட்டு. தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதைத் தவிர வேறு சொத்து இல்லாத மனிதர் அவர். தண்ணீர் வராவிட்டால் அதுவும் போய்விடும்.

அலுவலக இயக்குநரிடம் போய் நின்றார். பம்புக்கு மோட்டார் இல்லை, வருவதாகவும் இல்லை, போய் வேலையைப் பார் என்றார் இயக்குநர். இத்தனை வருடங்களாக கியாலாவும் அந்தப் பதிலோடு நிம்மதியாகத் திரும்பியிருக்கிறார்.

இந்த முறை திரும்பவில்லை. "சரிங்க சார். மகாசி அடுத்த பாட்டுக்குப் பேரு தேடுறாராம். தண்ணியைத் தடுத்தது யாருன்னு கேட்டா, என்ன சொல்லட்டும்?"

மதியத்துக்குள் மோட்டார் கிடங்கிலேயே கிடைத்துவிட்டது.

கியாலா கோட்டைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வெளியிடத்தில் கோட்டைக் கழற்றியதைக் குன்று பார்த்ததில்லை. ஆட்களோடு பம்புக் குழிக்குள் இடுப்பளவு சேற்றில் இறங்கினார். ஒரு ஷூ போயே போனது. மாலையில் குழாய் முதலில் சீறியது, பிறகு செந்நிறமாக இருமியது, பிறகு தெளிவாகக் கொட்டியது. குன்று முழுக்க நனைந்து ஆடியது. ஒற்றை ஷூவோடு கியாலாவும் ஆடினார்.

அடுத்த வாரம் பக்கத்துக் குன்றின் குழாயைத் தோண்டப் போனார். அதற்கு யாரும் பாடியிருக்கவில்லை.

"எத்தனை எஞ்சினியருங்க இருக்காங்க லுசோலோ. மகாசி கண்ணுக்கு நான் மட்டும் எப்படித் தெரிஞ்சேன்?"

"கோட்டு அப்படி," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சீட்டுக்குக் கூடினார்கள். லுசோலோ பழைய துணியிலேயே வந்திருந்தாள்.

"என் பணம் மகாசிகிட்டப் போச்சு, தண்ணி வந்தாச்சு," என்றாள். "அடுத்த முறை யாருது?"

மம்மா லாந்து கையைத் தூக்கினாள். "என்னுது. என் வீட்டுக்காரர் கரண்டு ஆபீஸ்ல இருக்காரு. காது கொஞ்சம் மந்தம். பேரைச் சத்தமாப் பாடச் சொல்லு."