தங்கக் காது

கண்ணாடிக் கூண்டின் கனத்த கதவு சாத்தப்பட்டதும் அச்சகக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். விரல் லேசாகப் பட்டாலே பொத்தான் அழுந்திவிடுமோ என்று பயம்.

வெளியே மேசைக்குப் பின்னால் இருந்த காது பரிசோதகரான பெண்ணின் குரல் ஹெட்போனில் வந்தது. "பீப்னு சத்தம் கேட்டா அழுத்துங்க சார். எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அழுத்துங்க."

அடுத்த பத்து நிமிஷம் பத்து வருஷமாகப் போனது. கேட்டதா, கேட்டது போலத் தோன்றியதா என்றே தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

காது போய்விட்டது என்று அவர் முடிவு கட்டியது போன ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் நாலாவது 'டேக்' வீட்டுக்கு வந்து இறங்கியது. கணினியில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தருகிற பெட்டி அது. முதலில் வாங்கியது தீப்பெட்டி அளவுதான். அடுத்தது உள்ளே பழைய ரேடியோ மாதிரி வால்வு கனன்று எரிகிற பெட்டி. மூன்றாவதற்கு மின்சாரம் கொடுக்கவே தனியாக இன்னொரு பெட்டி. நாலாவதைத் தூக்கி வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு தடவையும் தீர்ப்புச் சொல்வது மனைவிதான். ஞாயிறு தோறும் பாட்டுக் கேட்க வரும் சிநேகிதர்களை வைத்துக்கொண்டு, பழைய பெட்டியில் ஒரு தடவை, புதுப் பெட்டியில் ஒரு தடவை அதே பாட்டைப் போடுவார். "இதுவா, அதுவா?" என்று ஆவலோடு கேட்பார். எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவள், சற்று யோசித்துவிட்டு, "இதுதாங்க. வயலின் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு" என்பாள்.

ஒரு தடவைகூட அவள் புதுப் பெட்டியைத் தவறவிட்டதில்லை. சிநேகிதர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் 'தங்கக் காது'.

அவருக்கோ முதல் பெட்டிக்கும் நாலாவது பெட்டிக்கும் கடுகளவு வித்தியாசம் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் தலையை ஆட்டினார், உள்ளுக்குள் செத்துப்போனார். இருபது வருஷமாக அச்சு மெஷின் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த கூலி இது. மெஷின் ஓடும்போது புருஷனும் பெண்டாட்டியும் கைஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள். இனிமேல் பாட்டையும் ஜாடையில்தான் கேட்க வேண்டுமோ? பாட்டு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எதற்கு?

இன்று காலை, "காது டெஸ்ட் எடுக்கணும், துணைக்கு வா" என்றபோது மனைவியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. தன் மேல் இவ்வளவு பாசமா என்று அவருக்குத்தான் கண் கலங்கியது.

கூண்டின் கதவு திறந்தது. பரிசோதகர் கையில் தாளோடு நின்றார்.

"சார், பயப்படற மாதிரி ஒண்ணுமே இல்ல. உங்க வயசுக்கு இது ரொம்ப நல்ல காது."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறார்களோ? இல்லை, மூடி மறைக்கிறார்களோ? பயம் இன்னும் கூடியது.

"உங்க மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்மா. என் சம்சாரத்த ஒரு தடவ உக்கார வைங்க. காதுன்னா அது காது. அவளுக்குக் கேக்கறதுல பாதி எனக்குக் கேட்டாக்கூடப் போதும்."

ஓரமாய் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய்க் குனிந்து விஷயத்தைச் சொன்னார். அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்? வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"எனக்கு பயமா இருக்கும்மா. எனக்காக ஒரே ஒரு தடவ."

கொஞ்ச நேரம் அவர் கண்களையே பார்த்தாள். பிறகு எழுந்து கூண்டுக்குள் போனாள்.

பரிசோதகர் கருவியைத் தட்டினார். உள்ளே பொத்தானை அழுத்தினால் எரிகிற மேசை விளக்கு பளிச்சென்று எரிந்தது. மறுபடி தட்டினார்; மறுபடி எரிந்தது. பத்துத் தட்டலுக்கும் பத்துத் தடவை எரிந்தது. இத்தனை சத்தம் தனக்குக் கேட்டதாக அச்சகக்காரருக்கு ஞாபகமே இல்லை.

"பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?" என்றார்.

பரிசோதகர் புருவத்தைச் சுருக்கினார். இன்னொரு தடவை கையை அசைத்தார். விளக்கு எரிந்தது.

"இப்ப நான் சத்தமே அனுப்பல சார்" என்றார் மெல்ல.

எழுந்து போய், மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு வந்தார். கருவியைத் தட்டினார். விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினார். எரியவில்லை. இன்னும் கூட்டினார். அவளுடைய ஹெட்போனிலிருந்து கசிந்த சத்தம், கூண்டின் மைக் வழியாக மேசை ஸ்பீக்கரில் கொசு மாதிரி ரீங்கரித்தது.

அச்சகக்காரர் மேசை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அணைந்து கிடந்த விளக்கையே பார்த்தபடி நின்றார். எரி, எரி என்று மனசுக்குள் கெஞ்சினார்.

கடைசியாக ஸ்பீக்கரில் மனைவியின் குரல் கேட்டது.

"ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"